ஏழைகளின் வைத்தியர் அர்ச். சூசை மொஸ்காத்தி



மரித்த ஆத்துமாக்களுக்காக நாம் சிறப்பாக வேண்டிக்கொள்ளும் இந்த நவம்பர் மாதத்தில், 16-ந் தேதி திருச்சபை ஒரு வைத்தியரின் திருநாளைக் கொண்டாடுகிறது. வைத்தியர்களில் அர்ச்சியசிஷ்டர்கள் உண்டென்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சுவிசேஷகரான அர்ச். லூக்காஸ் வைத்தியர். நோயாளிகளிடம் கூலி வாங்காமல் குணப்படுத்திய அர்ச். கொஸ்மாஸ், தமியான் என்னும் சகோதரர்களும் வைத்தியர்களே. ஆனால் அவர்களெல்லாம் பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள். நாம் இங்கே காணப்போகிறவரோ நம் காலத்து வைத்தியர்களைப் போலவே சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் பெற்றவர். நோயாளியின் மார்பில் குழல் வைத்துப் பார்த்தவர். இரத்தமும் நீரும் பரிசோதிக்கும் சோதனைக்கூடத்தில் நாள் கணக்காய் உழைத்தவர். அவர் குருவானவரல்ல, சந்நியாசியுமல்ல. கோட்டும் தொப்பியும் அணிந்து நகரத்துத் தெருக்களில் நடந்த ஓர் இல்லறத்தார் வீட்டுப் பிள்ளை.

அவர் பெயர் ஜுசெப்பே மொஸ்காத்தி. ஜுசெப்பே என்பது இத்தாலியர் நாவில் அர்ச். சூசையப்பரின் பெயர். ஆகையால் நாமும் அவரை நம் வழக்கப்படி சூசை மொஸ்காத்தி என்றே அழைப்போம்.

நீதிபதியின் வீடு

சூசை 1880-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி, இத்தாலி தேசத்தின் தென்பகுதியிலுள்ள பெனவெந்தோ நகரில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது பிள்ளை. ஜூலை 31-ந் தேதி, அர்ச். இஞ்ஞாசியார் திருநாளன்று, அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. தகப்பனார் பிரான்செஸ்கோ மொஸ்காத்தி பெரிய நீதிபதி. தாயார் ரோசா பிரபு குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனாருக்கு உத்தியோக உயர்வு கிடைத்ததால் 1884-ல் குடும்பம் நேப்பிள்ஸ் பட்டணத்தில் குடியேறியது. மரிக்கும்வரை அதுவே சூசையின் ஊராயிற்று.

உத்தியோகத்திலும் அந்தஸ்திலும் உயர்ந்த அந்த நீதிபதி தேவ பக்தியில் எவருக்கும் பின்வாங்கியவரல்ல. விடுமுறைக் காலத்தில் சொந்த ஊருக்குப் போகும்போது, கன்னியர் மடத்துக் கோவிலில் பூசைக்குத் தாமே உதவி செய்வார். நீதிமன்றத்தில் எல்லோரும் எழுந்து நின்று மரியாதை செய்யும் மனிதர், பீடத்தின் அடியில் முழந்தாளிட்டுக் குருவானவருக்குத் தண்ணீர் வார்ப்பதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய ஞானோபதேசம் எது?

நேப்பிள்ஸில் ஒரு பழைமையான ஆஸ்பத்திரி உண்டு. 16-ம் நூற்றாண்டில் மரிய லோரென்சா லோங்கோ என்ற விதவைப் பெண்மணி ஏழைகளுக்காக நிறுவியது அது. தீராத நோயாளிகளின் ஆஸ்பத்திரி என்று அதற்குப் பெயர். நீதிபதி தம் வீட்டு மாடியிலிருந்து அந்தக் கட்டடத்தைச் சிறுவன் சூசைக்குச் சுட்டிக் காட்டுவார். அதற்குள்ளே கிடந்து வேதனைப்படுகிறவர்களை நினைத்துப் பிள்ளையின் மனம் உருகியது. பிற்காலத்தில் அந்த ஆஸ்பத்திரியே தமக்கு இரண்டாவது வீடாகப் போகிறதென்பது அப்போது அவருக்குத் தெரியாது.

அண்ணனின் படுக்கையருகே

சூசைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும்போது குடும்பத்துக்கு ஒரு பெரிய துன்பம் வந்தது. பட்டாளத்தில் உத்தியோகஸ்தராயிருந்த அண்ணன் ஆல்பெர்த்தோ குதிரையிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடிபட்டார். அதன் பலனாக அவருக்குக் காக்காய் வலிப்பு கண்டது. அக்காலத்தில் அந்த நோய்க்குத் தக்க மருந்து கிடையாது. வலிப்பு எப்போது வருமென்று தெரியாததால் யாராவது எந்நேரமும் அருகில் இருக்கவேண்டும். பள்ளிப் பாடம் முடிந்ததும் சூசை அண்ணனின் படுக்கையருகே உட்கார்ந்துகொள்வார்.

வாலிபமும் அழகும் நிறைந்திருந்த அண்ணன் ஒரு நொடியில் ஒடிந்து விழுந்ததை அந்தத் தம்பி கண்ணாரக் கண்டார். உலக மேன்மை எவ்வளவு அற்பம் என்பதை அங்கே கற்றார். அதைவிட முக்கியமான ஒன்றையும் கற்றார்: நோயாளிக்கு மருந்து கொடுக்க முடியாதபோதும் அவன் அருகில் இருக்க முடியும் என்பதே அது. வீட்டில் நீண்டகால நோயாளியை வைத்துப் பராமரிக்கும் குடும்பங்கள் நம் பங்கிலும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இது கஷ்ட காலம் என்று நாம் பரிதபிக்கிறோம். ஆனால் தேவன் அந்தக் கஷ்டத்தையே ஒரு பள்ளிக்கூடமாக்கிவிடுவதும் உண்டு.

அவிசுவாசிகள் நடுவே

1897-ல் சூசை நேப்பிள்ஸ் சர்வகலாசாலையில் வைத்தியப் படிப்பில் சேர்ந்தார். நீதிபதியின் மகன் சட்டம் படிப்பான் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியம். அந்த வருஷக் கடைசியிலேயே தகப்பனார் மூளையில் இரத்தம் கசிந்து காலமானார். மகன் துக்கத்தோடு படிப்பைத் தொடர்ந்தார்.

அக்காலத்து வைத்தியக் கல்லூரி விசுவாசத்துக்கு உகந்த இடமாயிருக்கவில்லை. கத்தியால் அறுத்துக் கண்ணால் காண முடியாத எதுவும் இல்லை என்று பேசுவது பேராசிரியர்கள் பலருக்குப் பெருமையாயிருந்தது. ஆத்துமம் என்ற சொல்லைக் கேட்டாலே சிரித்தார்கள். சூசை அவர்களோடு சண்டை போடவில்லை. அவர்களுக்குப் பயந்து ஒளியவுமில்லை. காலையில் பூசை கண்டு சற்பிரசாதம் உட்கொண்டார். பகலெல்லாம் மற்ற மாணவர்களைவிட அதிகமாகப் படித்தார். 1903-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஈரலில் யூரியா உண்டாகும் விதத்தைப் பற்றிய ஆராய்ச்சியைச் சமர்ப்பித்து மிக உயர்ந்த மதிப்பெண்களோடு பட்டம் பெற்றார். சில மாதங்களுக்குள் போட்டிப் பரீட்சையில் தேறி, தகப்பனார் மாடியிலிருந்து காட்டிய அதே ஆஸ்பத்திரியில் உதவி வைத்தியராய் அமர்ந்தார். அண்ணன் ஆல்பெர்த்தோ அடுத்த ஆண்டு 1904-ல் காலமானார்.

கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் பெற்றோரே, படிப்பு விசுவாசத்தைக் கெடுத்துவிடும் என்று சில வேளை அஞ்சுகிறீர்கள். விசுவாசத்தைக் கெடுப்பது படிப்பல்ல, பூசையையும் ஜெபத்தையும் விட்டுவிட்டுப் படிப்பதே கெடுக்கும் என்பதற்கு இவர் சாட்சி.

நெருப்பும் சாம்பலும்

நேப்பிள்ஸுக்கு அருகே வெசூவியஸ் என்னும் எரிமலை இருக்கிறது. 1906-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அது பயங்கரமாய்ப் பொங்கியது. மலையின் அடிவாரத்திலுள்ள தோர்ரே டெல் கிரெக்கோ என்ற ஊரில் ஆஸ்பத்திரியின் கிளையொன்று இருந்தது. அதிலிருந்தவர்கள் பெரும்பாலும் வயோதிகர்களும் திமிர்வாதக்காரர்களும். தாங்களாகவே எழுந்து ஓட முடியாதவர்கள். வானத்திலிருந்து சாம்பலும் கற்களும் விழுந்துகொண்டிருக்க, ஊர் மக்கள் உயிர் தப்பினால் போதுமென்று ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், இருபத்தைந்து வயது வைத்தியர் மொஸ்காத்தி அந்த ஊரை நோக்கிப் போனார்.

நோயாளிகளை வெளியேற்றும்படி கட்டளையிட்டுவிட்டு அவர் ஒதுங்கி நிற்கவில்லை. தாமே கைகொடுத்துத் தூக்கினார். கடைசி நோயாளியும் வெளியேறிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சாம்பலின் பாரம் தாங்காமல் கூரை இடிந்து விழுந்தது. பிறகு ஆஸ்பத்திரி அதிகாரிகளுக்கு அவர் கடிதம் எழுதினார். எதற்காகத் தெரியுமா? தம்மோடு உழைத்த பணியாளருக்கு வெகுமதி கொடுக்கவேண்டும் என்று கேட்பதற்காக. தம் பெயர் அதில் பேசப்பட வேண்டாமென்று வேண்டிக்கொண்டார்.

நல்ல வைத்தியரைப் பாராட்டும்போது நாம் அவர் ஒருவரையே பாராட்டுகிறோம். இரவில் விழித்திருக்கும் தாதிமாரையும், நோயாளியின் மலஜலம் எடுக்கும் பணியாட்களையும் மறந்துவிடுகிறோம். மொஸ்காத்தி மறக்கவில்லை.

வாந்திபேதி கண்ட நகரம்

1911-ல் நேப்பிள்ஸ் நகரத்தை வாந்திபேதி என்னும் காலரா தாக்கியது. நெருக்கமான சந்துகளும், ஒன்றின்மேலொன்றாய் அடுக்கிய வீடுகளும், அசுத்த நீரும் நிறைந்த ஏழைப் பேட்டைகளில் அந்த நோய் காட்டுத்தீ போல் பரவக்கூடியது. பொதுச் சுகாதார இலாகா மொஸ்காத்தியை அழைத்து, நோயின் காரணங்களையும் அதைத் தடுக்கும் வழிகளையும் ஆராயச் சொன்னது. அவர் வேகமாய் ஆராய்ந்து, நகரத்தின் சுகாதாரத்துக்கு என்னென்ன செய்யவேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். அவர் சொன்ன சீர்திருத்தங்களில் பல அவர் கண் முன்னாலேயே நிறைவேறின.

ஒரு நோயாளியின் கட்டிலருகே நிற்பது தருமம் என்பது நமக்கு எளிதில் புரிகிறது. குடிநீரைச் சுத்தமாக்குவதும், சாக்கடையை மூடுவதும், தெருவைத் துப்புரவாக்குவதும் தருமம் என்பது அவ்வளவு எளிதில் புரிவதில்லை. ஆனால் கட்டிலில் கிடக்கும் நூறு பேரைக் குணமாக்குவதைவிட, ஆயிரம் பேர் கட்டிலில் விழாதபடி காப்பது குறைந்த புண்ணியமாகுமா? 2020, 2021-ம் ஆண்டுகளின் கொள்ளை நோயைக் கண்ட நமக்கு இதை அதிகமாய் விளக்கத் தேவையில்லை.

தாயாரின் நோயும் புதிய மருந்தும்

அதே 1911-ல், முப்பத்தோராம் வயதில், நேப்பிள்ஸ் ஆஸ்பத்திரிகளின் வைத்தியர் பதவிக்கு நடந்த கடினமான போட்டிப் பரீட்சையில் மொஸ்காத்தி வெற்றி பெற்றார். இத்தாலி முழுவதும் புகழ்பெற்றிருந்த முதிய வைத்தியர் அந்தோனியோ கர்தரெல்லி இவருடைய அறிவைக் கண்டு வியந்தார். நோயாளியைத் தட்டிப் பார்த்தும், கேட்டும், தொட்டும் நோயைக் கண்டுபிடிப்பதில் மொஸ்காத்திக்கு அபூர்வத் திறமை இருந்தது. அத்துடன் சோதனைக்கூடத்து இரசாயனத்தையும் நன்றாய்க் கற்றிருந்தார். ஆகவே மற்றவர்கள் திகைத்து நிற்கும் இடத்தில் அவருக்கு வழி தெரிந்தது.

ஆனால் எல்லா நோய்க்கும் வழி தெரிந்திருக்கவில்லை. 1914-ம் ஆண்டு நவம்பர் மாதம் அவருடைய தாயார் சர்க்கரை வியாதியால் காலமானார். உடம்பில் சர்க்கரை செரிக்கும் விதத்தையே ஆராய்ந்து வந்த மகன், தாயைக் காப்பாற்ற முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று உலகத்தில் எந்த வைத்தியருக்கும் அந்த நோய்க்குச் சரியான மருந்து தெரியாது. ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1921-ல் கனடா தேசத்தில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. நேப்பிள்ஸில் அந்த மருந்தை முதன் முதலாய்க் கையாண்டவர்களில் மொஸ்காத்தியும் ஒருவர். தாம் கற்றதோடு நிற்காமல், மற்ற வைத்தியர்களுக்கும் அதைப் பயன்படுத்தும் முறையைக் கற்றுக்கொடுத்தார். தம் தாய்க்குக் கிடைக்காதது மற்றவர்களின் தாய்மாருக்குக் கிடைக்கும்படி உழைத்த மகன் அவர்.

சர்க்கரை வியாதி இல்லாத குடும்பமே இன்று நம்மில் அரிது. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும்போது, அது இல்லாமல் மாண்ட தாய்மாரையும் அதைத் தேடித் தந்த வைத்தியர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

விட்டுக்கொடுத்த பேராசிரியர் பதவி

முதல் உலக யுத்தத்தில் இத்தாலி 1915-ல் இறங்கியது. மொஸ்காத்தி பட்டாளத்தில் சேர விண்ணப்பித்தார். அதிகாரிகள் அவரை ஆஸ்பத்திரியிலேயே இருக்கச் சொன்னார்கள். காயப்பட்ட போர்வீரர்களின் பகுதி அவர் பொறுப்பில் விடப்பட்டது. ஆயிரக்கணக்கான வீரர்கள் அவர் கையால் பராமரிக்கப்பட்டார்கள். காயத்துக்கு மருந்து கட்டியதோடு, வீட்டை நினைத்து ஏங்கும் வாலிபர்களுக்கு ஆறுதலும் சொன்னார்.

யுத்த காலத்திலேயே வேறொரு சோதனையும் வந்தது. சர்வகலாசாலையில் பேராசிரியர் பதவி அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவருக்கிருந்த கல்விக்கும் புகழுக்கும் அது தகுந்ததே. ஆனால் முழுநேரப் பேராசிரியரானால் நோயாளிகளை விட்டுப் பிரிய வேண்டிவரும். அவர் அந்தப் பதவியைத் தம் நண்பருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலேயே தங்கினார். 1919-ல் அங்கே ஆண்கள் பகுதியொன்றின் தலைமை வைத்தியரானார். மாணவர்களோ அவரைத் தேடி ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். கட்டிலுக்குக் கட்டில் அவர் நடக்க, பின்னால் ஒரு கூட்டம் கேட்டுக்கொண்டே நடக்கும்.

ஒரு நாளின் வாழ்க்கை

அவருடைய நாள் அதிகாலையில் தொடங்கும். தியானமும் ஜெபமும் முடிந்தபின் கோவிலில் திவ்விய பூசை கண்டு சற்பிரசாதம் வாங்குவார். சேசு சபையாரின் ஜெசு நுவோவோ கோவில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் ஏழைகளின் சந்துகளில் புகுந்து, படுக்கையில் கிடப்பவர்களை அவர்கள் வீட்டிலேயே பார்ப்பார். அவர்களிடம் காசு வாங்குவதில்லை. மருந்துச் சீட்டை மடித்துக் கொடுப்பார். பிரித்துப் பார்த்தால் உள்ளே மருந்து வாங்கப் பணமிருக்கும். சில வீடுகளில் அவர் போனபின் தலையணையின் கீழே பணம் கிடக்கும்.

பகலெல்லாம் ஆஸ்பத்திரி. பிற்பகலில் வீட்டுக்கு வந்தால் வாசலில் நோயாளிகள் காத்திருப்பார்கள். காத்திருக்கும் அறையில் ஒரு தொப்பியை வைத்திருப்பார். பணம் உள்ளவர்கள் அதில் போடலாம், இல்லாதவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு எழுதியிருக்கும். எவர் போட்டார், எவர் எடுத்தார் என்று பார்ப்பார் எவருமில்லை. தருமம் வாங்குகிறவனின் முகம் வெட்கத்தால் சிவக்காதபடி தருமம் செய்வது எப்படி என்று அந்தத் தொப்பி நமக்குக் கற்றுத்தருகிறது. ஒரு கை செய்வதை மறு கை அறியக்கூடாது என்ற நம் ஆண்டவரின் போதனையை அவர் வைத்தியசாலையில் இப்படி நடத்திக் காட்டினார்.

அவர் விவாகம் செய்துகொள்ளவில்லை. தேவனுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்து, கற்பென்னும் வார்த்தைப்பாடு கொடுத்திருந்தார். சகோதரி நீனா வீட்டைக் கவனித்துக்கொண்டார். சம்பாத்தியம் ஏழைகளுக்குப் போவதைக் கண்டு முணுமுணுக்கும் சகோதரியல்ல அவர்; சகோதரரின் தருமத்துக்கு அவரே வலது கை. அர்ச்சியசிஷ்டர்களின் பின்னால் இப்படிப்பட்ட வெளியே தெரியாத ஆத்துமாக்கள் எத்தனையோ!

செல்வர்களும் அவரைத் தேடி வந்தார்கள். உலகப் புகழ்பெற்ற பாடகர் என்றிக்கோ கரூசோ 1921-ல் சாகக் கிடந்தபோது மொஸ்காத்தியை அழைத்தார்கள். பொம்பேயி நகரில் ஜெபமாலை மாதாவின் பெரிய கோவிலை எழுப்பியவரும், 2025-ல் அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்றவருமான பர்த்தோலோ லோங்கோவுக்கு அவருடைய முதிர்ந்த வயதில் வைத்தியம் பார்த்தவரும் இவரே. ஆனால் பாடகரையும் பரதேசியையும் அவர் ஒரே கவனத்தோடு பார்த்தார். பணக்காரர் அதிகமாய்க் கொடுத்தால், இது நியாயமான கூலிக்கு மேலானது என்று திருப்பிக் கொடுத்துவிடுவதும் உண்டு.

உடலும் ஆத்துமமும்

நோயாளியை உறுப்புகளின் கூட்டமாக அவர் ஒருபோதும் பார்த்ததில்லை. தம்மிடம் படித்த ஓர் இளம் வைத்தியருக்கு எழுதிய கடிதத்தில், நோயாளிகளின் உடலை மட்டுமல்ல, ஆறுதல் தேடும் அவர்களுடைய ஆத்துமத்தையும் கவனிக்க வேண்டுமென்று புத்தி சொன்னார். அவரே நோயாளிகளிடம் பாவசங்கீர்த்தனம் செய்து எத்தனை நாளாயிற்று என்று அன்போடு விசாரிப்பார். மனச்சாட்சியின் பாரம் நீங்கியபின் மருந்தும் நன்றாய் வேலை செய்யும் என்பது அவர் அனுபவம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜெபித்தால் போதும், மருந்து வேண்டாம் என்று அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் இன்றும் நம் நடுவில் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்டு வைத்தியத்தைத் தள்ளிப்போட்டுக் காலம் கடந்து அழுகிறவர்களும் உண்டு. மொஸ்காத்தி காலையில் முழந்தாளிலிருந்தார். அந்த முழந்தாளிலிருந்து எழுந்து சோதனைக்கூடத்துக்குப் போனார். புதிய புத்தகங்களைப் படித்தார். 1923-ல் ஸ்காத்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் நடந்த சர்வதேச உடலியல் மகாநாட்டுக்குப் போனார். அதே பிரயாணத்தில் லூர்து மாதாவின் கெபியையும் தரிசித்தார். விஞ்ஞானத்தையும் விசுவாசத்தையும் கொடுத்தவர் ஒரே சர்வேசுரன் என்று அவர் அறிந்திருந்தபடியால், இரண்டுக்கும் நடுவே அவருக்குச் சண்டையே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பிரேதங்களை அறுத்து ஆராயும் மண்டபத்தின் சுவரில் பாடுபட்ட சுரூபம் ஒன்றை அவர் மாட்டச் செய்தார். அதன் கீழே, சாவுக்கே சாவாக வருவேன் என்னும் கருத்துள்ள ஓசே தீர்க்கதரிசியின் வாக்கியத்தை எழுதச் செய்தார். சடலத்துக்கு அப்பால் ஒன்றுமில்லை என்று சிலர் பேசிய அதே மண்டபத்தில், சாவை வென்றவரின் சுரூபம் மௌனமாய் மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தது. மரித்தோரை நினைக்கும் இந்த மாதத்தில் நாம் தியானிக்கத்தக்க காட்சி இது.

பெரிய செவ்வாய்க்கிழமை

இவ்வளவு உழைப்பை எந்த உடம்பு தாங்கும்? 1927-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி, பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் காலையில் பூசை கண்டு நன்மை வாங்கினார். வழக்கம்போல் ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாய்ப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, கொஞ்சம் சாப்பிட்டபின், காத்திருந்த நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். பிற்பகல் மூன்று மணியளவில் உடம்பு ஒரு மாதிரியாயிருக்கவே, நாற்காலியில் சாய்ந்தார். கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, சத்தமின்றி உயிர்விட்டார். வயது நாற்பத்தாறு.

ஏழைகளின் வைத்தியர் போய்விட்டார் என்ற செய்தி சந்து சந்தாய்ப் பரவியது. பேராசிரியர்களும் பிச்சைக்காரர்களும் ஒரே தெருவில் நின்று அழுதார்கள். அவருடைய சரீரம் 1930-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி கல்லறைத் தோட்டத்திலிருந்து ஜெசு நுவோவோ கோவிலுக்குக் கொண்டுவரப்பட்டது. அர்ச். இஞ்ஞாசியார் திருநாளில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை, அர்ச். இஞ்ஞாசியார் சபையாரின் கோவிலிலேயே இளைப்பாறுகிறார். அவர் உயிர்விட்ட நாற்காலியையும் அவர் பயன்படுத்திய பொருள்களையும் இன்றும் அங்கே வைத்திருக்கிறார்கள்.

1975-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி பாப்பரசர் 6-ம் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். பிறகு, இரத்தப் புற்றுநோயால் வாடிய ஒரு வாலிபத் தொழிலாளியின் தாயார் கனவில் வெள்ளைக் கோட்டு அணிந்த ஒரு வைத்தியரைக் கண்டார். பின்னர் மொஸ்காத்தியின் படத்தைப் பார்த்தபோது, கனவில் கண்டவர் இவரே என்று அறிந்து அவரை நோக்கி மன்றாடினார். மகன் குணமடைந்தார். அந்தப் புதுமையைத் திருச்சபை ஆராய்ந்து ஏற்றுக்கொண்டது. 1987-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர் மொஸ்காத்தியை அர்ச்சியசிஷ்டர் வரிசையில் சேர்த்தார். உலகத்தில் வாழும் பொதுநிலையினரின் அழைத்தலைப் பற்றி ஆயர்கள் உரோமையில் கூடி ஆலோசித்த நாட்களில் இது நிகழ்ந்தது பொருத்தமே.

நாம் என்ன செய்யவேண்டும்?

அன்பான வாசகர்களே, இந்தச் சரித்திரத்தை வாசித்து மெச்சிவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடாதிருங்கள். உங்கள் வீட்டுக்குள் அழைத்துச் சென்று ஒரு கேள்வி கேட்கிறது இது.

பெற்றோரே, பிள்ளை பிறந்த உடனே டாக்டராக்க வேண்டுமென்று ஆசைப்படுகிறீர்கள். அந்த ஆசையில் குற்றமில்லை. ஆனால் எதற்காக? ஊரார் மதிப்பதற்கா? போட்ட பணத்தைப் பத்து மடங்காய் எடுப்பதற்கா? நல்ல சம்பந்தம் கிடைப்பதற்கா? அப்படியானால் அந்தப் பிள்ளைக்குக் கட்டிலில் கிடப்பவன் ஆண்டவரின் சாயலாகத் தெரியமாட்டான். கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாகத்தான் தெரிவான். அந்த நீதிபதி தம் மகனை மாடிக்கு அழைத்துச் சென்று, பெரிய மாளிகைகளைக் காட்டவில்லை. நோயாளிகள் இருக்கும் கட்டடத்தைக் காட்டினார். நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்கு மாடியிலிருந்து எதைக் காட்டுகிறீர்கள்?

வைத்தியத் தொழிலிலிருக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் உழைப்பின் கடினம் எங்களுக்குத் தெரியும். இரவும் பகலும் பிறர் வேதனையின் நடுவே நிற்கிறீர்கள். காலையில் சில நிமிஷம் ஆண்டவர் முன்னிலையில் நில்லுங்கள். அவரே பிற்பகலில் நோயாளியின் உருவத்தில் உங்கள் முன் வந்து உட்காருவார். மாதத்தில் சில ஏழைகளையாவது காசு வாங்காமல், அவர்கள் வெட்கப்படாதபடி, பாருங்கள்.

நோயாளிகளாகவும் நோயாளிகளின் உறவினராகவும் இருக்கும் மற்றவர்களே, நல்ல வைத்தியரை மாலை போட்டுப் பாராட்டுவது நன்று. அவர் சொன்ன மருந்தை ஒழுங்காய் உட்கொள்வதும், அவரிடம் பொய் சொல்லாதிருப்பதும், காரியம் கைகூடாதபோது அவர்மேல் கோபத்தால் பாயாதிருப்பதும் அதைவிட நன்று. கைதேர்ந்த மொஸ்காத்தியால் தம் தாயைக் காப்பாற்ற முடியவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் மனிதர், உயிர் சர்வேசுரனுடையது.

நவம்பர் 16-ந் தேதி குடும்ப ஜெபமாலை முடிந்தபின், உங்களுக்குப் பிரசவம் பார்த்த வைத்தியரையும், உங்கள் தாய் தகப்பனின் கடைசி நாளில் அருகில் நின்ற வைத்தியரையும், உயிரோடிருந்தாலும் மரித்திருந்தாலும், பெயர் சொல்லி நினைத்து அவர்களுக்காக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள் நிறை மந்திரமும் சொல்லுங்கள். ஏழைகளின் வைத்தியரான அர்ச். சூசை மொஸ்காத்தி நம் நோயாளிகளுக்காகவும், அவர்களைப் பராமரிக்கும் எல்லோருக்காகவும் நம் ஆண்டவராகிய சேசுநாதரிடம் மன்றாடுவாராக. ஆமென்.